பூட்டும் இல்லை, உண்டியலும் இல்லை... இப்படியும் கேம் விற்கிறார்கள்!

கரிசல்காட்டில் விலை கேட்காமல் யாரும் எதையும் வாங்குவதில்லை. அருப்புக்கோட்டை கடைவீதியில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். வத்தல் கிலோ என்ன விலை, மல்லி என்ன விலை, ரெண்டு கிலோ எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்... பேரம் முடிந்த பிறகுதான் பர்ஸ் திறக்கும். திருச்சுழி வரைக்கும் நீளும் மானாவாரி நிலம் இது. மழை பெய்தால் கம்பு, குதிரைவாலி, பருத்தி. பெய்யவில்லை என்றால் மில் வேலை, தறி வேலை, கரிமூட்டம். ஒவ்வொரு ரூபாயையும் திருப்பித் திருப்பிப் பார்த்துச் செலவழிப்பதற்குக் கஞ்சத்தனம் என்று இங்கே யாரும் பெயர் வைக்க மாட்டார்கள். அப்படித்தான் பிழைக்க முடியும்.

அப்படிப்பட்ட வீடுகளுக்குள் விலை கேட்கப்படாமலே நுழைந்துவிட்ட பொருள் ஒன்று உண்டு. செல்போன் கேம்! 'ஃப்ரீ' என்று எழுதியிருக்கும்போது விலையை யார் கேட்பார்கள்?

'சும்மா குடுக்குற கேம்ல காசு எப்பிடிப் போகும்?'

அருப்புக்கோட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார் ஒருவர். வயது நாற்பதை நெருங்குகிறது. தெருவில் எல்லோருக்கும் அவர் 'கடைக்காரண்ணே'. உடைந்த டிஸ்பிளே, ஊதிப்போன பேட்டரி என்று வரும் கூட்டத்துக்கு நடுவே சில வருடங்களாக இன்னொரு வகைப் புகாரும் அவரிடம் வருகிறது. 'அக்கவுன்ட்ல பணம் குறையுதுண்ணே, என்னன்னு பாருங்க.'

திருச்சுழி பக்கத்து கிராமத்திலிருந்து ஓர் அம்மா அப்படி வந்தார். நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை. மகளிர் குழு தவணைக்காக அக்கவுன்ட்டில் விட்டு வைத்திருந்த பணத்தில் ஒரே மாதத்தில் 2,640 ரூபாயைக் காணவில்லை. மொத்தமாகப் போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். போனது 29, 79, 159 என்று சில்லறை சில்லறையாக.

கூடவே வந்த மகன் ஒன்பதாம் வகுப்பு. தலையைக் குனிந்து நின்றான். யு.பி.ஐ பின் நம்பர் அவனுக்குத் தெரியும். அம்மாவுக்கு கேஸ் புக் செய்வது, ரீசார்ஜ் செய்வது எல்லாமே அவன்தான்.

"சும்மா குடுக்குற கேம்தானண்ணே? அதுல காசு எப்பிடிப் போகும்?" என்று கேட்டார் அம்மா.

கடைக்காரர் கேமைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கடை. அதில் சட்டை, தொப்பி, துப்பாக்கிக்குப் பளபளக்கும் உறை. எதற்கும் ரூபாயில் விலை இல்லை, எல்லாம் வைரக்கல் கணக்கு. ரூபாய் கொடுத்து வைரம் வாங்கி, வைரம் கொடுத்துச் சட்டை வாங்க வேண்டும். ஒரு சட்டைக்கு எத்தனை ரூபாய் என்று யாருக்கும் சட்டென்று புரியாது. சட்டைக்குப் பத்து வைரம் குறைவாக இருக்கும். ஆனால், கடையில் நூறு வைரத்துக்குக் குறைந்து விற்க மாட்டார்கள். மிச்சம் தொண்ணூறு கையில் இருக்கும். அதைச் செலவழிக்க இன்னும் கொஞ்சம் வாங்கத் தோன்றும். 'இன்னும் இரண்டு மணி நேரம்தான் இந்த ஆஃபர்' என்று ஒரு கடிகாரம் வேறு ஓடிக்கொண்டே இருக்கும்.

"அந்தச் சட்டை போட்டா ஜெயிக்கலாமாடா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லம்மா. போடலன்னா எல்லாரும் 'ஓசி'ன்னு கூப்பிடுறாங்க."

அதற்குப் பிறகு அந்த அம்மா மகனைத் திட்டவில்லை.

குதிரைக்குக் கவசம் விற்ற கதை

இந்த வியாபாரத்துக்கு 'மைக்ரோ டிரான்ஸாக்‌ஷன்' என்று பெயர். கேமுக்குள்ளேயே துண்டு துண்டாகச் செய்யும் விற்பனை. கேம் ரசிகர்கள் இதற்குப் பிள்ளையார் சுழியாகச் சொல்வது 2006-ம் ஆண்டு நடந்த ஒரு விஷயத்தை. 'ஆப்லிவியன்' என்ற கேமில் ஓட்டும் குதிரைக்கு ஒரு கவசத்தைத் தனியாக 2.50 டாலருக்கு விற்றது பெதஸ்டா நிறுவனம். ஏற்கெனவே முழு விலை கொடுத்து கேமை வாங்கியவர்கள், 'இதற்கும் காசா?' என்று சிரித்தார்கள். சிரித்தபடியே பலர் வாங்கவும் செய்தார்கள். அங்கே திறந்த கதவு இன்றுவரை மூடவில்லை.

சட்டை, கவசம் என்றால் எதை வாங்குகிறோம் என்றாவது தெரியும். 'லூட் பாக்ஸ்' என்ற பெட்டியில் அதுவும் தெரியாது. காசு கொடுத்துத் திறந்த பிறகுதான் உள்ளே என்ன என்று தெரியும். பெட்டிக்கடைகளில் அந்தக் காலத்தில் சுரண்டல் லாட்டரி விற்றார்களே, அதே உத்திதான். 2018-ல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று அறிவித்தது. 'ஃபோர்ட்நைட்' கேமை நடத்தும் எபிக் நிறுவனம், தவறுதலாகப் பட்டனைத் தொட்டாலே காசு போகும்படி திரையை அமைத்திருந்தது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்காக 24.5 கோடி டாலர் கட்ட அந்த நிறுவனம் 2022 டிசம்பரில் சம்மதித்தது.

நம் ஊரிலும் சட்டம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023-ல் அமலானது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனால், இவை இரண்டும் குறிவைப்பது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. பிள்ளைகள் வாங்கும் வைரமும் சட்டையும் அந்தக் கணக்கில் வராது. ஏனென்றால், அங்கே யாரும் பணம் ஜெயிப்பதில்லை. செலவு மட்டும்தான் உண்டு. அதை வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை போட்டு விற்கும் ஒரு விவசாயக் கதை

"இந்த போனைப் புடுங்கி வெச்சிரவாண்ணே?" என்று கேட்டார் அந்த அம்மா. அந்த ஊரில் மாலை நேரத்தில் பையன்களுக்கு வேறு என்ன இருக்கிறது என்பது கடைக்காரருக்குத் தெரியும். அவர் வேறு வழி சொன்னார். "காசு கொடுத்தே ஒரு கேம் வாங்கிக் குடுங்கக்கா."

அம்மா உடனே கேட்ட கேள்வி: "எவ்வளவு?"

அந்த வீட்டில் ஒரு கேமுக்கு விலை கேட்கப்பட்டது அதுதான் முதல் முறை.

கடைக்காரர் காட்டிய கேமின் பெயர் 'ஸ்டார்டியூ வேலி'. அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த எரிக் பரோன் என்ற இளைஞர் படம், இசை, கதை, புரோகிராம் என எல்லாவற்றையும் தனி ஆளாக நான்கு வருடங்களுக்கு மேல் உட்கார்ந்து செய்தது. செலவுக்கு ஒரு தியேட்டரில் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே முடித்தார். 2016 பிப்ரவரியில் கம்ப்யூட்டருக்கு வந்தது, 2019-ல் ஆண்ட்ராய்டு போனுக்கும் வந்துவிட்டது. தாத்தா விட்டுச் சென்ற தரிசு நிலத்தைத் திருத்தி விவசாயம் செய்வதுதான் ஆட்டம்.

சில நூறு ரூபாய் விலை. ஒரு முறை கொடுத்தால் முடிந்தது. உள்ளே காசு கேட்கும் கடை இல்லை, வைரம் இல்லை, விளம்பரம் இல்லை. அதற்குப் பிறகு வந்த பெரிய பெரிய மேம்பாடுகள் எல்லாவற்றையும் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார் பரோன். 2024-ல்கூட ஒரு பெரிய அப்டேட் வந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு வாங்கியவரும் பத்து பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை. இப்படி விற்றால் நஷ்டம்தானே என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் வரை 4.1 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது.

பையன் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு அவனுடைய நிலத்தில் முள்ளங்கி மாதிரி ஏதோ முளைத்தது. அம்மா எட்டிப் பார்த்தார். "இதுல மழை பெய்யுமாடா?" என்று கேட்டார். பெய்யும். மழை பெய்கிற நாளில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. பருவம் தவறினால் பயிர் பட்டுப்போகும். "நெசமான வெள்ளாமைய விட இது எவ்வளவோ பரவாயில்ல, வானிலை அறிக்கை பொய்க்காது போல" என்று அவர் சொன்னதைக் கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். முன்பு ஆடியது எந்த விளையாட்டு என்றே அந்த அம்மாவுக்குத் தெரியாது. இப்போது பையனுடைய கோழிகளுக்கு என்ன பெயர் என்பதுவரை தெரியும்.

வாங்கியவனுக்கே பூட்டு

காசு கொடுத்து வாங்கும் கேமிலும் ஒரு சிக்கல் உண்டு. அதையும் கடைக்காரர் பார்த்திருக்கிறார். ஒரு கல்லூரி மாணவர் பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் கம்ப்யூட்டர் கேம் ஒன்றை ஒரிஜினலாக வாங்கினார். ஊரில் சிக்னல் கண்மாய்க் கரையில்தான் கிடைக்கும். கேமோ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நெட் கேட்டது. தனியாக ஆடும் ஆட்டத்துக்கு நெட் எதற்கு? 'நீ உண்மையிலேயே வாங்கியவன்தானா' என்று கம்பெனியின் சர்வரைக் கேட்டு உறுதி செய்வதற்கு! அதே கேமின் திருட்டுக் காப்பியைப் போட்டிருந்த அவருடைய நண்பர் நெட்டே இல்லாமல் நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தார்.

இந்தப் பூட்டுக்கு 'டி.ஆர்.எம்' என்று பெயர். காப்பி எடுப்பதைத் தடுக்கத்தான் போடுகிறார்கள். பல நேரங்களில் திருடுபவர் அதை உடைத்துவிட்டுப் போகிறார், மாட்டிக்கொள்வது காசு கொடுத்தவர்தான்.

சாவி கம்பெனியின் கையில் இருப்பதால் வரும் ஆபத்துக்கு உலகறிந்த உதாரணம் 'தி க்ரூ'. யுபிசாஃப்ட் நிறுவனத்தின் கார் ஓட்டும் கேம், 2014-ல் வந்தது. தனியாக ஆடினாலும் சர்வர் தொடர்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் டிஸ்க் இருக்கிறது, கேம் இல்லை. இதற்குப் பிறகு 'கேம்களைக் கொல்லாதீர்கள்' என்று தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. விற்பது பொருளையா, பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமா என்பதை டிஜிட்டல் கடைகள் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

போலந்தில் ஒரு பர்மா பஜார்

பூட்டுப் போடாமலே விற்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் போலந்துக்காரர்கள்.

நம்மூரில் பர்மா பஜார் சி.டி எப்படியோ, 1990-களில் வார்சா நகரச் சந்தைகளில் திருட்டு கேம் டிஸ்க் அப்படி. அந்தச் சூழலில் 1994-ல் தொடங்கப்பட்ட நிறுவனம்தான் சி.டி ப்ராஜெக்ட். 1999-ல் 'பால்டர்ஸ் கேட்' என்ற கேமை அவர்கள் போலந்து மொழிக்குக் கொண்டுவந்தார்கள். திருட்டு டிஸ்க்கோடு விலையில் போட்டி போட முடியாது. அதனால், பெயர் பெற்ற நடிகர்களை வைத்துத் தாய்மொழியில் குரல் கொடுத்து, பெட்டிக்குள் வரைபடமும் புத்தகமும் பாட்டு சி.டி-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரிஜினலை வாங்குவது மக்களுக்குப் பெருமையாக இருந்தது.

அதே நிறுவனம் 2008-ல் 'ஜி.ஓ.ஜி' என்ற இணையக் கடையைத் திறந்தது. அங்கே விற்கும் கேம்களுக்கு டி.ஆர்.எம் பூட்டு கிடையாது. வாங்கி, டவுன்லோடு செய்து, ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் அது உங்களுடையது. நாளை அந்தக் கடையே மூடினாலும் கேம் ஓடும். 2015-ல் அவர்கள் வெளியிட்ட 'தி விட்சர் 3' கேமும் அங்கே பூட்டில்லாமல்தான் வந்தது. கூடவே 16 சிறு இணைப்புகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த கேம் உலகம் முழுக்க 5 கோடிக்கு மேல் விற்றுவிட்டதாக 2023-ல் அறிவித்தார்கள். பரோனின் 'ஸ்டார்டியூ வேலி'யும் அதே கடையில் பூட்டில்லாமல் கிடைக்கிறது.

நெசவாளி புடவைக்குப் பூட்டுப் போட முடியுமா?

கடைக்காரருக்கு இந்தக் கதைகளில் தனி அக்கறை உண்டு. கடை ஆரம்பித்த புதிதில் அவருக்குச் சோறு போட்டதே காப்பிதான். மெமரி கார்டில் பாட்டு ஏற்ற 20 ரூபாய். பென் டிரைவில் கேம் போட்டுத் தர 50 ரூபாய். அன்றைக்கு ஊரே அப்படித்தான் இருந்தது. ஒரிஜினல் எங்கே கிடைக்கும் என்றே யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் வாங்க கிரெடிட் கார்டு கிடையாது.

அவருடைய அப்பா கைத்தறி நெசவாளி. அருப்புக்கோட்டை பருத்திப் புடவை நெய்தவர். பாவு ஓட்டி, சாயம் பார்த்து, ஒரு புது பார்டரை யோசித்து நெய்து முடித்தால், கொஞ்ச நாளில் அதே பார்டர் விசைத்தறியில் மலிவாக ஓடிவிடும். சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985-ல் சட்டமே போட்டார்கள். ஆனாலும், புடவைக்கு யாரும் பூட்டுப் போட முடியாது. "கட்டிப் பாக்குறவங்களுக்குத் தெரியும்டா" என்பார் அப்பா. கையில் தொட்டுப் பார்த்து, 'இது கைத்தறிதானே' என்று கேட்டு, கூடுதல் விலை கொடுத்து வாங்கிய குடும்பங்களை நம்பித்தான் அந்தத் தறி ஓடியது. அவர்கள் குறையக் குறைய தறியும் நின்றது.

பூட்டுப் போடாமல் கேம் விற்பவரும் அதே இடத்தில்தான் நிற்கிறார் என்கிறார் கடைக்காரர். காப்பி எடுப்பது ஒரு நிமிட வேலை. எடுக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் பூட்டில்லாமல் கொடுக்கிறார். உள்ளே கடை வைத்துப் பிள்ளைகளிடம் கறக்கவும் மனமில்லை. பிறகு அவருக்கு வருமானம் எங்கிருந்து வரும்? நாம் கொடுக்கும் அந்த ஒரு விலை மட்டும்தான். அதையும் நாம் கொடுக்காவிட்டால், அடுத்த கேமை அவர் வைரக்கடையோடுதான் செய்வார். அல்லது செய்யவே மாட்டார்.

இப்போது யு.பி.ஐ இருக்கிறது. கார்டு இல்லை என்ற சாக்கும் போய்விட்டது. அவர் கடையில் கேம் காப்பி போடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

இட்லிப் பானையில் ஒரு கேம்

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் சமாசாரம் என்று தோன்றலாம். 'வெண்பா'வைத் தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது.

கனடாவின் டொரன்டோவில் இருக்கும் சிறிய நிறுவனம் ஒன்று. பெயர் 'விசை கேம்ஸ்'. தொடங்கியவர் அபி என்ற தமிழர். 2023 ஜூலை 31 அன்று வெளியான அவர்களின் கேம்தான் 'வெண்பா'. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயரும் ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்தெல்லாம் அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன இடத்தை யோசித்து நிரப்பிச் சமைப்பதுதான் ஆட்டம். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதில் தொடங்குகிறது. சமையலுக்கு இடையே, வளர வளரத் தமிழிலிருந்து விலகிப்போகும் மகனும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அம்மாவும்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் கேம். 'இவ்வளவு சின்னதா?' என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால், முடிகிறது என்பதே பெரிய விஷயம். உள்ளே கடை வைத்த கேம்கள் முடியவே முடியாது, முடிந்தால் வியாபாரம் நின்றுவிடும். நாளைக்கும் வா, நாளன்றைக்கும் வா என்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே விலைக்கு விற்றவர் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு உங்களை விட்டுவிடலாம். ஆடி முடித்தவர் எழுந்து போய் அம்மாவுக்கு ஒரு போன் செய்யலாம்.

2024 மார்ச்சில் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப் விழாவில் 'வெண்பா'வுக்கு முதன்மைப் பரிசு கிடைத்தது. அடுத்த மாதம் லண்டனில் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் செய்த 'ராஜி' கேமுக்கும் இப்படி ஒரு பயணம் உண்டு. 2017-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டப் பார்த்துத் தோற்றார்கள். விடாமல் முயன்று 2020-ல் வெளியிட்டார்கள். இத்தகைய சிறு குழுக்களுக்கு ஆயிரம் பேர் விலை கொடுத்து வாங்குவதும் வாங்காததும் வாழ்வா சாவா பிரச்னை.

நீங்கள் என்ன செய்யலாம்?

ப்ளே ஸ்டோரில் கேமின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் 'இன்-ஆப் பர்ச்சேஸஸ்', 'கன்டெய்ன்ஸ் ஆட்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லாமல் ஒரு விலை மட்டும் போட்டிருந்தால், பெரும்பாலும் அது நேர்மையான வியாபாரம்.

பிள்ளைகள் கையில் போன் போகும் முன், ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவையுங்கள். கேஸ் புக் செய்யப் பிள்ளைகள் உதவட்டும், பின் நம்பரை நீங்களே அடியுங்கள்.

விலை கொடுத்து வாங்கிப் பிடிக்காமல் போனால் பயப்பட வேண்டாம். ப்ளே ஸ்டோரில் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்டுக்கு விண்ணப்பிக்கலாம். கம்ப்யூட்டர் கேம் விற்கும் 'ஸ்டீம்' கடையில், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும்.

கம்ப்யூட்டர் இருப்பவர்கள் ஜி.ஓ.ஜி, இட்ச் ஐஓ ஆகிய கடைகளையும் எட்டிப் பாருங்கள். இட்ச் ஐஓ-வில், விற்பனையில் கடைக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கேமைச் செய்தவரே தீர்மானிக்கலாம். 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்று விலையை நம்மிடமே விட்டுவிடும் கேம்களும் அங்கே ஏராளம். அப்படி விட்டால் பூஜ்யம் போடாமல் ஒரு டீ, வடைக்காவது போடுங்கள்.

வாங்க வசதி இல்லையா? பரவாயில்லை. தள்ளுபடி வரும்வரை விஷ்லிஸ்ட்டில் போட்டு வையுங்கள். வாங்கி ஆடியவர்கள் நான்கு வரி விமர்சனம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். விளம்பரத்துக்குக் காசில்லாத சிறு குழுவின் கேம் அடுத்தவர் கண்ணில் படுவதற்கு அந்த நான்கு வரி உதவும். தமிழில் ஆடுகிறவர்கள், காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே, அடுத்த கேமைத் தமிழில் கொண்டுவர யாராவது யோசிப்பார்கள்?